என் தாடைக்குள் ஒன்றும் இல்லை

இதை எழுதும்போது, மரத்துப்போன என் கீழுதட்டின் இடது ஓரம் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. டீ குடித்தால் அந்தப் பக்கமாக ஒழுகுகிறது. என் மனைவி ஸ்டெல்லா பார்த்துச் சொன்னால்தான் எனக்கே தெரியும். சில மாதங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உதடு சரியாகிவிடும், மற்றது எப்போது சரியாகும் என்றுதான் தெரியவில்லை. தாராவியில் எங்கள் பக்கத்தில் என் தாடையைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. அதனால் இன்னொருவருடைய ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் இந்த இடைவெளியில், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

நான் ஏசி மெக்கானிக். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர், நான் தாராவியிலேயே பிறந்தவன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிதான். நடுநடுவே பிரசங்க வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஏறி இறங்குவது என் பிழைப்பு. வெயில் காலத்தில் எங்களைக் கையில் பிடிக்க முடியாது, மழைக்காலத்தில் ஈ ஓட்டுவோம். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

அவர் பல்வரிசை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொள்ள வேண்டும், இயந்திரம் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரும். இரண்டு தாடையும் காது வரைக்கும் ஒரே படத்தில் விழுந்துவிடும். வலித்த பல் வலது பக்கம். டாக்டர் படத்தில் பார்த்துக்கொண்டே இருந்தது இடது பக்கம்.

"இது என்னப்பா, இங்க கறுப்பா இருக்கு? எலும்பு இருக்க வேண்டிய எடத்துல எலும்பையே காணுமே" என்றார்.

எனக்கும் தெரிந்தது. கீழ்த்தாடையில், பற்களின் வேருக்கு அடியில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. அதன் மேல் ஓரம் வேர்களுக்கு நடுவே விரல் விட்டதுபோல் ஏறியிருந்தது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. எத்தனை காலமாக அங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

"பயப்படாதேங்கோ. ஆனா தள்ளிப்போடாதேங்கோ" என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மனுஷன் எதைக் காதில் வாங்குவான்?

எங்கள் பக்கத்தில் தாடை, பெரிய ஆஸ்பத்திரி என்ற இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவது சொல்லை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாவா போட்டுப் போட்டு வாய் வெந்துபோனவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்போடு தேய்த்து, சின்ன பிளாஸ்டிக் தாளில் மடித்து விற்பார்கள், அதுதான் மாவா. நான் அதைத் தொட்டதில்லை. தொட்டதில்லை என்பதை நெஞ்சில் மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தவன். அதனால் எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

ஸ்டெல்லா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பம் வைத்தாள். "இவியளுக்குத் தாடை எலும்புக்குள்ள என்னமோ இருக்காம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காவ, ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும்தான் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக் கையை உயர்த்தி, "புற்றுநோயோடு போராடுகிற எங்கள் சகோதரனை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார். சபை முழுவதும் அழுதது. நானும் அழுதேன். அன்றைக்கு எனக்கே அது புற்றுநோய்தான் என்று நம்பிக்கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவர் பொன்ராஜ் அண்ணாச்சி. பக்கத்துச் சந்தில் தோல்பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். சபையில் கடைசி பெஞ்சுக்காரர். கன்னத்தில் எப்போதும் மாவா ஒதுங்கியிருக்கும், பிரசங்கம் நீண்டால் துப்புவதற்கு வெளியே போய்விடுவார். அவருடைய மச்சானுக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் நடந்தது. அதனால் எந்த ஜன்னலில் நிற்பது, எந்த மாடியில் எக்ஸ்ரே என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"நீ எதுக்குலே மூஞ்சியில கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு வார? கல்யாணப் பொண்ணா?" என்று பஸ்ஸிலேயே கேட்டார்.

"தூசி அண்ணாச்சி."

"மழை கொட்டுது, தூசியாம்லா."

வாசலில் ஒரு காவலாளி எல்லார் சட்டைப்பையையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவா, குட்கா எது அகப்பட்டாலும் பிடுங்கிப் பக்கத்திலிருந்த டப்பாவில் போடுவார். எனக்கு முன்னால் போனவரிடம் ஒரு பொட்டலம் அகப்பட்டது. "ஷரம் நஹீ ஆத்தி?" என்று கத்தினார், வெட்கமாக இல்லையா என்று. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். என் முறை வந்ததும், அவர் கை படுவதற்கு முன்பே, "மை நஹீ காத்தா" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், நான் போடுவதில்லை என்று. காவலாளி என் கர்ச்சீப்பைப் பார்த்தார். "சப் யஹீ போல்தே" என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்களாம். பின்னால் வந்த அண்ணாச்சியின் பையிலும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் பொட்டலத்தைச் சாக்ஸுக்குள் வைத்திருந்தார்.

வாய் அறுவைப் பிரிவின் முன்னால் நீளமான பெஞ்சு. கன்னத்தில் கட்டோடு, மூக்கில் குழாயோடு, வாயைத் துண்டால் மூடியபடி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே, "எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, இது வேறு" என்று ஹிந்தியில் சொன்னேன். அவரால் பேச முடியவில்லை, கையை மட்டும் லேசாக ஆட்டினார். சரி என்றோ, உனக்கு நல்லது என்றோ. இப்போது நினைத்தால் அந்தப் பெஞ்சிலேயே முகத்தை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்களைப் பார்த்தவர் ஒரு சின்ன வயது மராட்டி டாக்டர் மேடம். பொறுமையானவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இது பல வகையாக இருக்கலாம் என்று ஹிந்தியில் சொன்னார். பல் செத்துச் சீழ் பிடித்து வேரில் வரும் பை ஒன்று. பல் முளைக்கும் திசுவிலிருந்து வருவது ஒன்று, அது எலும்பைத் தின்னும், சில சமயம் தாடையையே வெட்டி எடுக்க நேரிடும். உள்ளே ரத்தம் நிரம்பிய பொந்து ஒன்று. அதெல்லாம் சொல்லிவிட்டு, "அபூர்வமா, உள்ள ஒண்ணுமே இல்லாத பொந்தும் உண்டு" என்றார். எலும்புக்குள் காலி இடம். பை கிடையாது, கட்டி கிடையாது. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு வருவதாம், என் வயதில் குறைவாம். தாடையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். ஏணியில் நின்று வெளி யூனிட்டை இறக்கும்போது எத்தனையோ அடி, எதைச் சொல்வது? அடிபட்டுத்தான் வரும் என்றும் நிச்சயமில்லை, காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார்.

பிறகு சோதனைகள். ஐஸ் மாதிரி குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்தார்கள். சுருக்கென்றது. சின்ன மின்சாரக் குச்சியால் தொட்டார்கள், கூசியது. அந்தக் கறுப்புக்கு மேலே நின்ற பற்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. அது நல்ல சேதி, சீழ்ப் பையாக இருந்தால் பல் செத்திருக்கும். அடுத்த தடவை ஸ்கேன். அதற்கடுத்த தடவை மரக்கச் செய்து ஊசியை எலும்புக்குள் விட்டு இழுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் காற்று, அடியில் துளி ரத்தநீர், அவ்வளவுதான். நாங்கள் சுவரில் துளை போடுவதற்கு முன்னால் தட்டிப் பார்ப்போம், உள்ளே பொந்து என்றால் சத்தமே வேறு. மேடமும் அப்படித்தான் என்னைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கேன்சர் மாதிரி தெரியல. அந்தக் காலிப் பொந்துதான்னு நினைக்கிறேன். ஆனா திறந்து பாத்தாதான் உறுதி" என்றார். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்.

சொல்லிக்கொண்டே இருந்தவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அங்கிள், வாயைத் திறங்க" என்றார். நன்றாக இருக்கிற வாயில் தன் மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைய வேண்டுமாம். அண்ணாச்சிக்கு இரண்டுகூட நுழையவில்லை. மேடம் டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறம் வெகுநேரம் பார்த்தார். வெள்ளையும் சிவப்புமாக ஒரு புண் இருக்கிறது, அரிசி அளவு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு நாள் கொடுத்தார். பஸ்ஸில் அண்ணாச்சி மாவா போடவில்லை.

இப்போது வெட்கக்கேட்டுக்கு வருகிறேன். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதை நான் சபையில் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம்கூட, "திறந்து பாத்தாதான் தெரியுமாம்" என்ற பாதியை மட்டும்தான் சொன்னேன். திறக்கும்வரை நிச்சயமில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அதுவரை ஏசியில் தண்ணீர் ஒழுகினால் மட்டுமே என் நினைப்பு வந்தவர்கள், "பிரதர், ராத்திரி தூங்கினியளா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ரோஸ் அக்கா, எழுபது வயதுக்காரி, எனக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டிருந்தாள். வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப்பும் கோதுமைக் கஞ்சியும் முறை வைத்து வந்தன. அது எனக்குப் பிடித்திருந்தது. இதற்குமேல் இதை மழுப்பத் தெரியவில்லை.

ஆபரேஷனில் மயக்கம் கொடுத்துவிட்டதால் நான் பார்த்தது ஒன்றும் இல்லை, சொல்லக் கேட்டதுதான். ஈறைப் பிரித்து, எலும்பில் சின்ன ஜன்னல் திறந்தார்கள். உள்ளே சுத்தமான காலி அறை. எலும்புச் சுவரைச் சுரண்டி ரத்தம் கசிய விட்டு, ஈறை மூடித் தைத்துவிட்டார்கள். அந்த ரத்தம் உறைந்து, காலப்போக்கில் எலும்பாக மாறிப் பொந்தை நிரப்பிவிடுமாம். சுரண்டியதைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அதிலும் பின்னால் கெடுதல் எதுவும் வரவில்லை. இவ்வளவுதான் வைத்தியம்.

மேடம் வெளியே வந்து ஸ்டெல்லாவிடம், "உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா அந்தத் தாழ்வாரத்திலேயே மண்டியிட்டுவிட்டாள். பிறகு பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டு, "ஐயா, தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்லையாம் ஐயா!" என்று அழுதிருக்கிறாள். நான் மயக்கம் தெளிந்து வாயில் பஞ்சோடு கண் விழிப்பதற்குள், சபையின் வாட்ஸ்அப் குழுவில் என் புற்றுநோயைக் கர்த்தர் துடைத்து எடுத்துவிட்டார். அல்லேலூயா மேல் அல்லேலூயா. வருகிற ஞாயிறு சகோதரன் சாட்சி சொல்வார் என்று ஐயா அறிவித்தும் விட்டார். எங்கள் சபையில் ஒருவர் சுகமானால் மேடை ஏறிச் சாட்சி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நன்றிகெட்டவன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அண்ணாச்சி பழரசத்தோடு வந்தார். முகம் தெளிந்து போயிருந்தது.

"நா அந்த டெஸ்டுக்குப் போகப்போறதில்லடே" என்றார்.

எனக்கு வாய் வீங்கியிருந்தது. "ஏன் அண்ணாச்சி?" என்பதே குழறியது.

"ஒனக்கு எலும்புக்குள்ள கெடந்தத ஆண்டவரு கத்தி படுமுன்ன எடுத்துப்போட்டாரு. எனக்குக் கன்னத்துல, மேலாக்க கெடக்கு. அவருக்கு இது ஒரு வேலையா? நானும் வெள்ளிக்கெழம உபவாசம் இருக்கப்போறேன். கத்தி வச்சா பரவும்னு வேற சொல்லுதாவ."

"பரவாது அண்ணாச்சி. போங்க."

"நீயே இப்படிச் சொல்லலாமாலே? ஒனக்கு நடந்தத நீயே நம்பலன்னா எப்படி?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் நானும் அவரும்தான் இருந்தோம். தையல் இழுக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவர் என் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முழுவதும் சாட்சியை மனதில் ஒத்திகை பார்த்தேன். ஆண்டவருக்கு நன்றி, டாக்டர்களுக்கு நன்றி, ஜெபித்த உங்களுக்கு நன்றி என்று மூன்றே வரி. அதில் ஒன்றும் பொய் இல்லை. ஞாயிறு மேடை ஏறியபோதும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். மைக்கைப் பிடித்தேன். கடைசி பெஞ்சில் அண்ணாச்சி இருந்தார். அன்று அவர் துப்பப் போகவில்லை, பையிலிருந்து கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு கேன்சர் இருந்ததே இல்ல" என்றேன். வாய் கோணியபடிதான் வந்தது. "மொதல்லயே இல்ல. அது எலும்புக்குள்ள ஒரு காலிப் பொந்து. அப்படித்தான் இருக்கும்னு ஆபரேஷனுக்கு முன்னயே டாக்டர் சொல்லிட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல. எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. நீங்க எனக்காக அழுதது எனக்கு நல்லா இருந்துச்சு. என் கதையக் கேட்டு யாராவது டெஸ்டுக்குப் போகாம இருந்தா, தயவுசெஞ்சு போங்க. என்னை நம்பி இருந்துராதீங்க."

நான் யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, சபை மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மடித்து, எழுந்து வெளியே போய்விட்டார். ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று ஏறி, அவரை நடுச்சபையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஐயா அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா தம்பி? நானும் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரோஸ் அக்கா வாசலில் நின்றிருந்தாள். "அப்போ நா இருந்த உபவாசம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டெல்லா வீட்டில் எனக்காக ரசம் சோற்றைக் குழையப் பிசைந்தாள். என்னைப் பிசைவது போலவே பிசைந்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நா ஐயாகிட்ட சொன்னதுல ஒரு வார்த்தயாவது பொய்யா?"

"இல்ல."

"பொறவு நா எதுக்குத் தலயக் குனிஞ்சுக்கிட்டு நடந்து வந்தேன்?"

பிறகு அவளே கரண்டியால் எடுத்து என் வாயின் வலது பக்கமாக ஊட்டினாள், இடது பக்கம் ஒழுகும் என்று.

எனக்குத் தையல் பிரிக்கிற நாளும் அண்ணாச்சிக்குச் சதை எடுக்கிற நாளும் ஒன்றாகவே விழுந்திருந்தன. இடையில் அவர் என்னோடு பேசவில்லை, பட்டறை வழியாகப் போனால் முதுகைத்தான் காட்டினார். அவருடைய மனைவியிடம் மட்டும் நாளை ஞாபகப்படுத்திவிட்டு, நான் தனியாகக் கிளம்பினேன். கர்ச்சீப் கட்டவில்லை. வாசலில் காவலாளி பையைத் தட்டியபோது பழக்கதோஷத்தில் "நஹீ காத்தா" என்று வாயில் வந்துவிட்டது. அவர், தெரியும் போ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

தையல் பிரித்த பிறகும் போக மனமில்லாமல் பெஞ்சிலேயே இருந்தேன். அண்ணாச்சி மெதுவாகத் தாழ்வாரத்தில் வந்தார். என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"ஒனக்காக வரல" என்றார்.

"சரி அண்ணாச்சி."

"ஒம் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல."

"சரி அண்ணாச்சி."

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி இருன்னா போவியா?"

"போவேன்."

"போவாத" என்றார்.

நர்ஸ் அவர் பேரைக் கூப்பிட்டாள். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்து, குனிந்து சாக்ஸுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தார். "உள்ள போவயில இது எங்கிட்ட இருக்கப்பிடாது" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் காவலாளி தாழ்வாரத்தைச் சுற்றி வந்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஆளைத் தெரிந்துகொண்டார். வரிசைக்கே கேட்கும்படி 'நான் போடுவதில்லை' என்று ஒவ்வொரு தடவையும் சொன்ன ஆள்.

"தூ தோ போல்தா தா, நஹீ காத்தா!" போடுவதில்லை என்றாயே என்று பொட்டலத்தைப் பிடுங்கினார். "ஷரம் நஹீ ஆத்தி?"

பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது. என்னுடையது இல்லை, உள்ளே இருப்பவருடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன்.

"ஆத்தி ஹை, பாய்" என்றேன், வெட்கமாகத்தான் இருக்கிறது என்று.